காரை நிறுத்திய கடுகளவு சில்லு!

2021-ம் ஆண்டு உலகம் எங்கும் மோட்டார் கார் தொழிற்சாலைகள் திணறின. இரும்பு இருந்தது. டயர் இருந்தது. வேலை செய்ய ஆளும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. அதுதான் 'சிப்' என்னும் சின்னஞ்சிறு சில்லு!

நம் நாட்டையும் அது விடவில்லை. 'செப்டம்பர் மாதம் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் நடக்கும்' என்று மாருதி கம்பெனி அறிவித்தது.

'ஒரு சில்லு கிடைக்காவிட்டால் வேறு சில்லை மாட்ட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், அங்கேதான் சங்கடம்!

நிர்வாகி இல்லை

செல்போனில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று ஒரு நிர்வாகி உண்டு. எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்வது என்பதை அது கவனித்துக்கொள்ளும்.

கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சில்லிலும், வாஷிங் மெஷின் போர்டில் உள்ள சில்லிலும் பெரும்பாலும் அந்த நிர்வாகி கிடையாது. மின்சாரம் வந்ததும் நிரலே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். எந்தக் கம்பியில் மோட்டார், எந்தக் கம்பியில் விளக்கு என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். இது போர்டுக்குப் போர்டு மாறும்.

போர்டுக்கு ஒரு லைப்ரரி

கெட்டிக்கார இன்ஜினீயர்கள் இந்த விவரங்களை மட்டும் தனியே எழுதி, ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு 'லைப்ரரி' ஆக்கி வைப்பார்கள். 'கண்ணாடியை ஏற்று' என்று நிரல் சொல்லும். எப்படி ஏற்றுவது என்பது லைப்ரரியின் பொறுப்பு.

விறகு அடுப்பு போய் காஸ் அடுப்பு வந்தால், சாம்பார் வைக்கும் முறையா மாறுகிறது? பற்றவைக்கும் முறைதானே மாறுகிறது! அதுபோல, சில்லு மாறினால் பெரும்பாலும் லைப்ரரியை மாற்றினால் போதும். இரண்டையும் கலந்து எழுதியிருந்தால், முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். எப்படி மாற்றினாலும், பிரேக் போன்ற உயிர் காக்கும் பகுதிகளை மறுபடியும் சோதித்தே தீர வேண்டும்.

டெஸ்லா செய்தது

அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி, கிடைத்த சில்லுகளைப் பயன்படுத்தியது. அவற்றுக்குத் தன் இன்ஜினீயர்களைக் கொண்டே நிரல் எழுதியது. வேலை சில வாரங்களில் முடிந்ததாக அதன் தலைவர் ஈலான் மஸ்க் கூறினார். அந்த ஆண்டு டெஸ்லா சுமார் 9 லட்சத்து 36 ஆயிரம் கார்களை விற்றது. இது 2020-ம் ஆண்டைவிட 87 சதவீதம் அதிகம். இதற்கு நிரல் மட்டுமே காரணம் அல்ல. ஆனால், அதுவும் ஒரு காரணம்.

நமக்குப் பாடம்

சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி' என்ற சில்லை வடிவமைத்தது. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து, விண்வெளிப் பணிக்காக 'ஐரிஸ்' சில்லையும் உருவாக்கியது. பெருமைப்பட வேண்டிய செய்தி!

ஆனால், சில்லு மட்டும் போதாது. ஒவ்வொரு போர்டுக்கும் லைப்ரரி எழுதும் இளைஞர்களும் வேண்டும். அடுப்பு வாங்கினால் போதுமா? பற்றவைக்க ஆள் வேண்டாமா?