கணினிக்குள் ஒரு கடன்



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் முறையை வல்ல அல்லாஹ் அதில் விரிவாகக் கற்றுத் தருகிறான். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதென்று எண்ணி எழுதாமல் விட்டுவிடலாகாது. எழுத்து என்பது எத்துணைப் பெரிய அமானிதம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

அந்த எழுத்தரின் வேலையை இன்று பல வீடுகளில் கணினி செய்கிறது. நாம் அதனிடம் ஒப்படைக்கும் எழுத்து நமக்குப் பின்னும் பிறரால் படிக்கத்தக்கதாக இருக்கிறதா? இதை எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு நிகழ்ச்சி.

கள்ளக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருந்தார். கல்வராயன் மலையிலுள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம் புளி, தேன், சாமை முதலியவற்றை வாங்கி விற்கும் வியாபாரம். வெள்ளிமலைச் சந்தை நாளில் பாதிப் பணம் கொடுப்பார். மீதியைச் சரக்கு விற்ற பின் கொடுப்பார். அந்த மக்கள் எழுத்துக் கேட்பதில்லை. இவர் சொல்லே அவர்களுக்குப் பத்திரம். ஆயினும் பெரியவர் ஒவ்வொரு பாக்கியையும் தம் பழைய கணினியில் தமிழில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார்.

திடீரென்று ஒருநாள் அவர் வஃபாத்தாகிவிட்டார். கபனிட்டு அடக்கிய மூன்றாம் நாள் அவருடைய மகன் என்னிடம் ஓடி வந்தார். அத்தாவின் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால், பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகப் பக்கம் நிறைந்திருந்தது. தொகைகள் மட்டும் எண்களாகத் தெரிந்தன. யாருக்குக் கொடுக்க வேண்டிய தொகை என்று தெரியவில்லை.

மரணித்தவரின் சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அவருடைய கடனை அடைத்தாக வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டறிந்ததை ஹதீஸ்களில் காண்கிறோம். அந்த மகனின் பதற்றம் உங்களுக்குப் புரியும். கடன் கொடுத்தவர்களோ மலையை விட்டு இறங்கி வந்து வாசலில் நின்று கேட்கக்கூடியவர்களும் அல்லர்.

கோப்பு அழிந்துவிடவில்லை. நேர்ந்தது இதுதான். 1990களிலும் அதற்குப் பிறகும் வழக்கிலிருந்த தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரிவது, இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகவே தெரியும். எழுத்துருவின் பெயர் மட்டும் கோப்பில் பதிவாகி இருந்தது. அதைத் தேடி எடுத்து நிறுவியதும், மாஷா அல்லாஹ், 17 பெயர்களும் ஊர்களும் கண்முன் வந்தன. மகன் மலையேறிச் சென்று ஒவ்வொருவராகத் தேடிக் கொடுத்தார். மூதாட்டி ஒருவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “பாய் இருந்திருந்தால் இந்தச் சந்தைக்கே கொடுத்திருப்பார்” என்றாராம்.

இத்தகைய இடர் வாராமல் காக்கும் வழி இன்று எல்லோர் கையிலும் உள்ளது. யூனிகோடு என்னும் உலகளாவிய முறையில் தமிழுக்கெனத் தனியிடம் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. ஆகவே பழைய எழுத்துருவில் வீட்டுக் கணக்கோ, மஹல்லாவின் நிக்காஹ் பதிவோ, வக்ஃப் சொத்து விவரமோ வைத்திருப்பவர்கள், அந்தப் பழைய கணினி ஓடும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. அந்தத் தம்பி கள்ளக்குறிச்சியில் மரவேலைப் பட்டறை நடத்துகிறார். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் மரச்சிற்பக் கலை 2021இல் புவிசார் குறியீடு பெற்ற செய்தியை அறிவீர்கள். முன்பு காகிதத்தில் கோலம் வரைந்து மரத்தில் ஒற்றியெடுத்தவர்களில் பலர் இன்று கணினியில் வரைகிறார்கள். தம்பியும் அப்படியே. ஆனால் அவர் வரைந்துகொண்டிருந்த விலையுயர்ந்த மென்பொருள், யாரோ பூட்டுடைத்துக் கொடுத்த திருட்டுப் பிரதி!

அத்தாவின் கடனைத் தீர்க்க மலையேறியவர், தம் மேசையிலேயே இன்னொரு கடனை வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத பொருள்தானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டவை. அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. பிறர் உழைப்பைத் திருடி ஒரு மிம்பருக்குக் கோலம் வரைந்தால் அதில் பரக்கத் எப்படி இருக்கும்?

விலை கொடுக்க இயலாதவர்களுக்கும் நேர்மையான வழி திறந்தே இருக்கிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், பிறருக்கும் பகிரலாம் என்று அதை ஆக்கியவர்களே அனுமதித்த கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. கடிதத்துக்கும் வரவு செலவுக் கணக்குக்கும் 2010இல் தொடங்கிய ‘லிப்ரே ஆபீஸ்’. கோட்டோவியத்துக்கு 2003இல் வெளிவந்த ‘இங்க்ஸ்கேப்’. அளவு பிசகாத கட்டட, மரவேலை வரைபடங்களுக்கு ‘லிப்ரேகேட்’.

வீட்டிலுள்ள பிள்ளையோடு அமர்ந்து இதைச் செய்து பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஒரு சதுரம் வரையுங்கள். அதற்கு ஒரு நகல் எடுத்து 45 பாகை திருப்புங்கள். எட்டு முனை நட்சத்திரம் உருவாகிவிடும். அரபு நாடுகளில் அச்சாகும் முஸ்ஹஃபுகளில் ஹிஸ்பின் காற்பகுதியைக் காட்டும் அடையாளம் இதே வடிவந்தான். மூன்று சதுரங்களை 30 பாகை வீதம் திருப்பினால் பன்னிரண்டு முனை. இவ்வரைபடம் கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படுவதால், ஓர் அங்குலப் பெட்டிக்கு வரைந்ததை எட்டடிக் கதவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காது. அதையே வெட்டும் இயந்திரத்துக்கும் அனுப்பலாம். காகிதத்தில் அச்சிட்டு உளிக்கும் கொடுக்கலாம். நம் சகோதரிகளின் மருதாணிக் கோலத்துக்கும் தையல் பூவேலைக்கும் இது உதவும்.

பொழுதுபோக்காகச் செய்ய இன்னொன்றும் உண்டு. ‘கிராம்ப்ஸ்’ என்னும் இலவச மென்பொருளில் உங்கள் வமிசாவளியைப் பதிவு செய்யுங்கள். நன்னியையும் நன்னாவையும் அருகில் அமர்த்திப் பெயர்களைக் கேட்டு எழுதும்போது, எந்தச் சொந்தத்தோடு பேச்சு விட்டுப்போயிற்று என்பதும் தெரியவரும். உறவைப் பேணச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆவணங்களைப் பொறுத்தவரை மூன்று செய்திகளை மனத்தில் இருத்துங்கள். ஒன்று: யூனிகோடில் எழுதுங்கள், எல்லா மென்பொருளும் திறக்கக்கூடிய பொது வடிவில் சேமியுங்கள். இரண்டு: வேறொரு கருவியில் ஒரு பிரதி வையுங்கள், அது இருக்குமிடம் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். மூன்று: கடன், வஸிய்யத் ஆகியவற்றை அச்சிட்டுச் சாட்சிகளோடு கையெழுத்திடுங்கள். கணினியிலுள்ள எழுத்தை யாரும் சுவடின்றி மாற்றிவிட முடியும். வசனம் சாட்சிகளை வலியுறுத்துவதன் நுட்பம் இங்கே விளங்கும்.

அந்தத் தம்பி தம் கணினியைத் துடைத்து, கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டார். பழகச் சில வாரங்கள் சிரமப்பட்டேன் என்று அவரே சொன்னார். இப்போது அவர் பட்டறையில் ஒரு பள்ளிவாசல் கதவு உருவாகிக்கொண்டிருக்கிறது.

இன்றிரவு உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து பாருங்கள். யாருக்கேனும் கொடுக்க வேண்டியது அதற்குள் இருக்கக்கூடும். பிறர் ஹக்கிலிருந்து நம் அனைவரையும் அல்லாஹ் காத்தருள்வானாக, ஆமீன்.