இசை அறையும் கோவில் பொருளும்



வீட்டில் ஓர் அறையை இசைக்கென ஒதுக்கி, அதைப் பழங்காலப் பொருள்களால் அழகு செய்யும் விருப்பம் நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்று தேக்கு நாற்காலி, நிலைக்கண்ணாடி, கிராமபோன் என வாங்கி வருகின்றனர். பாட்டனார் காலத்து மரச்சாமான் அடுப்புக்குப் போகாமல் பேரனின் அறைக்கு வருவது நல்லதே. (கரையான் அரித்ததா என்று அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்குக!)

ஆனால் இசை அறை கண்ணுக்கு மட்டும் உரியதன்று. வெறுஞ்சுவரும் பெரிய கண்ணாடியும் ஒலியைத் திருப்பியடிக்கும்; பாடுவோரின் சொல் குழம்பும். நூல்கள் நிறைந்த பழைய அலமாரியும், கனத்த திரைச்சீலையும், தரையில் ஒரு சமுக்காளமும் எதிரொலியைத் தணிக்கும்.

பழைய ஆர்மோனியம் கிடைத்தால் அதன்மேல் பூச்சாடி வைத்துவிடுகின்றனர். இதை நம்மால் பொறுக்க இயலவில்லை. ஐரோப்பாவில் பிறந்த அக்கருவிக்கு, கையால் துருத்தி இயக்கும் வடிவை 1875இல் தந்தவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி, 1971 வரை ஒதுக்கியே வைத்திருந்தது. அந்நாள்களிலும் நம் கோவில்களில் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. துருத்தியின் கிழிசலை ஒட்டி, பித்தளை நாக்குகளின் தூசியை வேலை தெரிந்தவரைக் கொண்டு நீக்கினால் பல கருவிகள் மீண்டும் பாடும். வீட்டில் வாசிப்பார் இல்லையெனில் பங்கின் பாடகர் குழுவுக்குக் கொடுக்கலாமே!

நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. பீடத்து மெழுகுதிரித் தண்டுகள், பூசைப் புத்தகத் தாங்கி, நற்கருணைக் கிராதியின் துண்டு ஆகியவையும் அலங்காரப் பொருள்களாக விலைக்கு வருகின்றன. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171ஆம் சட்டம் தெளிவானது: வழிபாட்டுக்கென மந்திரிக்கப்பட்ட பொருள் தனியாருக்கே சொந்தமாயினும் மரியாதைக்குரியது; அதை உலகியல் பயனுக்குத் திருப்பலாகாது. கலைச்சிறப்போ வரலாற்றுச் சிறப்போ மிக்க கோவில் பொருளை விற்பதற்குத் திருப்பீடத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 1292ஆம் சட்டம். கோவிலைப் புதுப்பிக்கையில் பழைய மரத்தையெல்லாம் ஒரே விலைக்குத் தள்ளிவிட முனையும் பங்குப் பேரவையினர் இதைக் கருத்திற் கொள்க.

கடையில் அத்தகைய பொருளைக் கண்டால், அது களவுபோனதாகவும் இருக்கலாம். விலை பேசுமுன் பங்குக் குருவிடம் தெரிவியுங்கள். பழைய முழந்தாட்படி ஒன்று முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதா? அதை அந்த அறையிலேயே, பாடுரூபத்தின் முன்னே வைத்துச் செபியுங்கள். தபேலாவை அதன்மேல் அடுக்க வேண்டா.