பின்னால் வரும் வண்டியை யார் பார்ப்பது?

என்ஜின் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. ஓட்டுவதற்கென்று தனி ஆளும் கிடையாது. ஆனாலும் அது ரோட்டில் ஓடுகிறது! முன்னால் போகும் வண்டி இழுத்த இழுப்புக்கெல்லாம் வருகிறது. முன்வண்டி நின்றால் அதுவும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால்? அங்கேதான் வம்பு ஆரம்பம்.

டிரெய்லர் என்ற இழுவை வண்டியைத்தான் சொல்கிறோம். சேலம், நாமக்கல் பக்கத்தில் இதைப் பார்க்காமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. பெரிய சாலையில் இரும்பும் எந்திரமும் ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் போகின்றன. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு டிராக்டர் டிரெய்லர்கள் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றன. மோகனூர் சாலையில் கரும்பு வண்டிகள். முன்னால் இழுப்பது வேறு வேறு வண்டியானாலும் பின்னால் வரும் வண்டியின் கதை ஒன்றுதான். அதை யாரும் ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை. "பெட்டி" என்று சொல்லிவிடுகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனமே. அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரை அதன் பக்கவாட்டில் எழுதவும் வேண்டும்.

லாரித் தொழில் என்றால் நாமக்கல் என்பது நாடறிந்த சங்கதி. 1997-ம் ஆண்டு வரை சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த ஊர் அது. கம்பெனிகள் என்ஜினையும் சேஸிஸையும் செய்து அனுப்புகின்றன. அதன் மேல் பாடி கட்டுவது நாமக்கல் பட்டறைகளின் வேலை. டேங்கர் உண்டு, டிரெய்லர் உண்டு. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் உருவாகின்றன. இந்தப் பட்டறைக்காரர்களின் கைத்திறமையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் திறமை வேறு, பொறுப்பு வேறு. ஒரு டிரெய்லரில் அச்சு ஒருவர் செய்தது. பிரேக் சாமான் இன்னொருவர் செய்தது. டயர் ரீட்ரேட் ஆனது. பெட்டி பட்டறையில் கட்டியது. இழுக்கும் முன்வண்டியோ பெரிய கம்பெனியுடையது. நாளைக்கு ஒரு விபத்து நேர்ந்தால் இவர்களில் யாரைப் பிடிப்பது? பெரும்பாலும் டிரைவர் தலையில் விடிகிறது!

ஒரு இரும்பு முளை

நீண்ட டிரெய்லரையும் அதை இழுக்கும் வண்டியையும் இணைப்பது எது? "கிங் பின்" என்ற ஒரு இரும்பு முளை. அதன் குறுக்களவு சாதாரணமாக 50 மில்லிமீட்டர். பெரியவர் ஒருவரின் கட்டை விரலைப் போல் இரண்டு பங்கு பருமன், அவ்வளவுதான். முப்பது டன் பாரமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. முன்வண்டியின் முதுகில் உள்ள வட்டத் தட்டில் இந்த முளை மாட்டிக்கொள்கிறது. ஓட ஓட முளை தேயும். இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதற்கென்று உள்ள அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். முளை இருப்பது டிரெய்லரின் அடிவயிற்றில். கழற்றினால் ஒழியத் தெரியாது.

அடுத்தது பிரேக். முன்வண்டியிலிருந்து இரண்டு காற்றுக் குழாய்கள் பின்வண்டிக்குப் போகின்றன. ஒன்று காற்றை நிரப்புவது. மற்றொன்று டிரைவர் மிதிக்கும்போது பிரேக் பிடிக்கச் சொல்வது. நிரப்பும் குழாய் அறுந்துவிட்டால் பின்வண்டி தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காற்றுக் கசிவு உள்ள வண்டி அடிக்கடி இப்படி நின்றால் சரக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஸ்பிரிங் பிரேக்கைத் திருகித் தளர்த்திவிட்டு ஓட்டுகிற குறுக்குவழி அங்கிருந்து பிறக்கிறது. அதன் பிறகு காற்று இறங்கிவிட்டால் பின்வண்டியின் பாரத்தையும் முன்வண்டியின் பிரேக்கே தாங்க வேண்டும். சம தரையில் சமாளித்துவிடலாம். இறக்கத்தில்?

தர்மபுரியிலிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் என்றாலே வயிற்றைக் கலக்கும். 2020-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி அங்கே கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி, வரிசையாகப் பதினைந்து வாகனங்கள் மீது மோதியது. 4 பேர் மாண்டார்கள். 2024-ம் ஆண்டு ஜனவரி 24-ந்தேதி அதே கணவாயில் இன்னொரு கோர விபத்து. மறுபடியும் 4 பேர் பலி. பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றுகிற ஒரு கருவி. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும். பிரேக் கட்டையின் பிடி தளரும். டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு இறங்குகிறவர்களுக்கு என்ஜினின் பிடியும் இல்லை. தொப்பூருக்கு உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் பிடிக்காத பிரேக்கைச் சாலை பிடித்துக் கொடுக்காது.

டிரெய்லருக்கு இதற்கு மேலும் ஒரு ஆபத்து உண்டு. முன்வண்டி சட்டென்று நிற்க, பின்வண்டி தன் பாரத்தால் தள்ள, இரண்டும் மடக்குக் கத்தி போல் மடங்கிக்கொள்ளும். அப்போது டிரைவரின் கூண்டுக்குள் எந்தப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தும் பயன் இல்லை.

கண்டிப்பு இருக்கும் இடம்

கண்டிப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. தென் மாநிலங்களில் சமையல் வாயு டேங்கர் ஓட்டும் உரிமையாளர்களின் சங்கம் நாமக்கல்லில்தான் இருக்கிறது. அந்த டேங்கரின் உருளையை வெடிபொருள் பாதுகாப்புத் துறை சோதித்து அனுமதிக்க வேண்டும். காலம் தவறாமல் மறு சோதனையும் உண்டு. ஆனால் உருளை கெட்டியாக இருந்தால் மட்டும் போதுமா? 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி இரவு கேரளத்தில் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் ஒரு வாயு டேங்கர் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. சுமார் 20 உயிர்கள் போயின. 2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி ஜெய்ப்பூரில் திரும்பிக்கொண்டிருந்த டேங்கர் மீது ஒரு லாரி மோதியது. வாயு வெளிவரும் குழாய் முனை உடைந்து கசிந்தது, தீப்பிடித்தது. அங்கும் சுமார் 20 பேர். ஜெய்ப்பூரில் வம்பு வந்தது உருளையால் அல்ல, அதில் துருத்திக்கொண்டிருந்த குழாயால்!

டிராக்டரின் பின்னால்

இனி கிராமத்துக்கு வருவோம். நமக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

டிராக்டரின் எடை சுமார் 2 டன். அதன் பிரேக் சாதாரணமாகப் பின் சக்கரங்களில் மட்டுமே. அதிலும் இடது சக்கரத்துக்கு ஒரு மிதி, வலது சக்கரத்துக்கு ஒரு மிதி. வயலில் சட்டென்று திருப்புவதற்காக அந்த ஏற்பாடு. ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் கொக்கியால் இணைத்துக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். இப்படிப்பட்ட டிராக்டரின் பின்னால் அதைப்போல் மூன்று பங்கு, நான்கு பங்கு பாரம் ஏற்றிய டிரெய்லர் வருகிறது. அதற்குப் பெரும்பாலும் பிரேக்கே இருப்பதில்லை! இறக்கத்தில் இழுக்கப்படும் வண்டி, இழுக்கும் வண்டியைத் தள்ளத் தொடங்குகிறது. இரண்டையும் இணைப்பது ஒரு பின். அதற்குப் பூட்டு ஊசி இருக்க வேண்டும். ஊசி தொலைந்தால் கம்பித் துண்டு. கம்பியும் தொலைந்தால் கடவுள் விட்ட வழி.

பாரத்தை ஏற்றுகிற விதமும் ஒன்று இருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் பாரம் கூடினால் இணைப்பு மேலே தூக்கும், ஆட்டம் காணும். முன்பக்கம் அளவு மீறினால் மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அமெரிக்காவில் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் காரின் பின்னால் ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இணைப்பின் மேல் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் கரும்புக் கட்டை ஏற்றுகிறவருக்கு இதைச் சொன்னவர் யார்?

விவசாய டிராக்டர் சட்டப்படி சரக்கு வாகனம் அல்ல. லாரிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். டிராக்டருக்கு அது இல்லை. ஒரு முறை பதிவு செய்தால் 15 ஆண்டு. விவசாயியை அலைக்கழிக்கக் கூடாது என்ற எண்ணம் நியாயமே. ஆனால் அதே டிராக்டர் செங்கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வரும்போது அது விவசாயமா? ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது? 2022-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி உத்தரப்பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலிலிருந்து திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்தது. 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம்.

இருட்டில்

இரவில் இந்த வண்டிகளால் வரும் கேடு வேறு. பின்விளக்குக்கு மின்சாரம் முன்வண்டியிலிருந்து ஒரு ஒயர் வழியாக வர வேண்டும். அந்த ஒயர் அறுந்து கிடக்கும். சிவப்புப் பிரதிபலிப்பான் மீது மண் அப்பிக்கிடக்கும். கரும்புத் தோகை பின்னால் தொங்கி, இருக்கிற விளக்கையும் மறைக்கும். மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு முன்னால் இருப்பது இருட்டா, வண்டியா என்று தெரிவது கடைசி நொடியில்தான்.

1967-ம் ஆண்டு ஜூன் 29-ந்தேதி ஹாலிவுட் நடிகை ஜேன் மான்ஸ்பீல்டு வந்த கார், நியூ ஆர்லியன்ஸ் போகும் வழியில் ஒரு டிரெய்லரின் பின்புறம் மோதி அடியில் புகுந்தது. கொசு மருந்து அடிக்கும் வண்டிக்குப் பின்னால் அந்த டிரெய்லர் வேகத்தைக் குறைத்திருந்தது. நடிகையும் முன் இருக்கையில் இருந்த மற்ற இருவரும் மாண்டார்கள். பின் இருக்கையில் இருந்த அவருடைய மூன்று குழந்தைகள் பிழைத்தார்கள். டிரெய்லரின் பின்னால் குறுக்கே இருக்கும் தடுப்புச் சட்டத்தை அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் அங்கும் விதி பலமாவதற்கு 1998-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் லாரிக்கும் டிரெய்லருக்கும் பின்தடுப்பு வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை தடுப்புகள் மோதலைத் தாங்கும்? மெல்லிய குழாயைப் பற்ற வைத்து, சிவப்பு வெள்ளைப் பெயிண்டு அடித்துவிட்டால் சோதனைக்குப் போதும். காருக்குப் போதாது.

பட்டறைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் வேலை கேரவன் வண்டி. அது இழுவை வண்டி அல்ல. ஆனாலும் சேஸிஸின் மேல் பெட்டி கட்டுவதால் இந்தக் கதையில் அதற்கும் இடம் உண்டு. 2024-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஏ.சி. ஓடுவதற்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தவர்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்தார்கள். ஜெனரேட்டரின் நச்சுப் புகையான கார்பன் மோனாக்சைடு, தரைப் பலகையில் இருந்த ஒரு ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. நிறமோ மணமோ இல்லாத வாயு அது. தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

எண்ணிக்கைக்குள் வராதவர்கள்

2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் வந்தது. 2021-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து அது இயங்குகிறது. ஆயிரக்கணக்கில் கார் விற்கும் கம்பெனிக்கு இது பொருந்தும். ஆண்டுக்குப் பத்து டிரெய்லர் செய்யும் பட்டறை அந்த எண்ணிக்கைக்குள் வருமா? அதன் டிரெய்லரை வாங்கியவர் யாரிடம் புகார் செய்வார்? பட்டறைக்காரர் அவருக்கு மாமன் முறையாகக்கூட இருப்பார்!

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. 17,884 பேர் இறந்தார்கள். இதைக் குறைக்கப் புதிய சோதனை நிலையங்கள் வேண்டும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் அவை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மோகனூரில் உள்ள சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வரும் ஒவ்வொரு கரும்பு வண்டியும் எடை மேடையில் நின்றுதான் ஆக வேண்டும். ஜவ்வரிசி ஆலைக்கு வரும் கிழங்கு வண்டியும் அப்படியே. ரசீது எழுதும் அந்த ஐந்து நிமிடத்தில் இணைப்புப் பின்னுக்குப் பூட்டு ஊசி இருக்கிறதா, துணைச் சங்கிலி இருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒரே ஒரு ஆள் போதும். கையில் ஒரு துணியும், ஒட்டுவதற்குச் சிவப்பு நாடாச் சுருள் ஒன்றும் கொடுத்துவிட்டால், மண் அப்பிய பிரதிபலிப்பானையும் அவரே பார்த்துக்கொள்வார்.