கையெழுத்தும் அடிக்கட்டையும்

ஏகலைவன் கதையைச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துவிட்டது. இன்றைய துரோணருக்குக் கட்டைவிரல் தேவையில்லை. மாணவர் கொடுத்த அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டால் போதும். ரத்தம் சிந்தாது. சாட்சி இருக்காது. பையன் தானாகவே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான். பிறகு காலாற நடந்தபடி சொல்லிக்கொள்ளலாம்: ‘அவங்களுக்கு சீட்டு குடுத்தாலும் படிக்க மாட்டாங்க சார்.’

பல்கலைக்கழக வாசலுக்குள் நுழைவதற்காக நாம் நடத்திய சண்டைகள் அதிகம். நுழைந்த பிறகு, மூடிய கதவுள்ள ஓர் அறையில், ஒரே ஒரு மனிதரின் எதிரே நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று நாம் பேசியது குறைவு.

விதிகளைப் பார்த்தால் நெறியாளர் அப்படியொன்றும் தனிராஜா இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் அதிகபட்சம் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் முனைவர் பட்ட ஆய்வில் வழிகாட்டலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு. பருவத்துக்கு ஒருமுறை அந்தக் குழுவின் முன்னால் மாணவர் தன் வேலையை எடுத்துவைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவைக் கூட்டுகிறவரே நெறியாளர்தான். அவர் மேல் புகார் என்றால் அவர் கூட்டுகிற கூட்டத்தில், அவருடைய சக ஆசிரியர்கள் முன்னால்தான் பையன் வாயைத் திறக்க வேண்டும். திறப்பானா?

அதற்கு முந்தின படி இன்னும் மோசம். பல பல்கலைக்கழகங்களில், பதிவு செய்வதற்கு முன்பே ஒரு நெறியாளரைத் தேடிப் பிடித்து ஒப்புதல் கடிதம் வாங்கிவர வேண்டும். இனச்சுழற்சிப் பட்டியல் எல்லாம் அலுவலகத்தோடு சரி. அந்த அறைக் கதவில் எந்தப் பட்டியலும் ஒட்டியிருப்பதில்லை. ‘எந்த ஊரு தம்பி?’ என்பது முதல் கேள்வி. ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பது இரண்டாவது கேள்வி. ஆய்வுத் தலைப்பு என்ன என்ற கேள்வி வருவதற்குள்ளேயே, ‘எனக்கு இடம் ரொம்பிடுச்சே’ என்ற பதில் வந்துவிடுகிறது.

இதையெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். சேலம் மாவட்டத்துச் செந்தில்குமார். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர். சேர்ந்து மாதக்கணக்காகியும் அவருக்கு ஒரு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதியில் பிணமாகக் கிடந்தார். அதே வளாகத்தில் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா. இதற்கெல்லாம் முன்பே, 2007இல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை விசாரித்த தோரட் குழுவிடம், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களிடமிருந்து போதிய உதவி கிடைப்பதில்லை என்று சொல்லியிருந்தார்கள். தெரியாமல் நடந்தது எதுவுமில்லை.

நான் வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். பல்கலைக்கழகம் உள்ள ஊர் என்பதால் ஆய்வு மாணவர்கள் நிறைய வருவார்கள். அதில் பாதி நேரம் அவர்கள் நீட்டுகிற பாஸ்புக் அவர்களுடையதாக இருக்காது. ‘யாரோடது தம்பி?’ என்றால், ‘கைடோடதுண்ணே, என்ட்ரி போட்டுட்டு வரச் சொன்னாங்க’ என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். கேஸ் புத்தகம், மின்கட்டணம், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வேன் என்று அந்தப் பட்டியல் நீளும். இதற்குக் குருபக்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்க ஊரில் இதற்குப் பழைய பெயர் பண்ணையாள் வேலை.

பயம் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பணத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மகன் படித்துக்கொண்டே குடும்பத்துக்கும் பணம் அனுப்புகிற வீடுகள் நம்முடையவை. மாணவர் ஒழுங்காக ஆய்வில் இருக்கிறார் என்ற உறுதி பல்கலைக்கழகத்திலிருந்து போனால்தான் அந்தப் பணம் கணக்கில் விழும். அந்த உறுதி நெறியாளரின் பேனாவிலிருந்து தொடங்குகிறது. ஒரு பேனா நின்றால் ஒரு வீட்டில் உலை நிற்கிறது.

அப்படியானால் நெறியாளர் யாராக இருக்க வேண்டும்? அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. கொலம்பியாவில் அவருக்கு ஆசிரியராயிருந்த செலிக்மன், மாணவர் லண்டனுக்குப் போனபோது அங்குள்ள பேராசிரியருக்குக் கடிதம் எழுதிப் பரிந்துரைத்தார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் நெறியாளராயிருந்த எட்வின் கேனன், 1923இல் வெளிவந்த ரூபாயின் பிரச்சனை நூலுக்கு முன்னுரை எழுதினார். அந்த முன்னுரையில், மாணவரின் வாதங்கள் பலவற்றோடு தனக்கு உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதிலுள்ள புதுமையைப் பாராட்டினார். முரண்படுகிற மாணவனின் நூலுக்கு முன்னுரை எழுதுகிறவர்தான் நெறியாளர். தன் கருத்தை ஒப்பிக்காதவனின் அத்தியாயத்தைத் தூக்கி எறிகிறவருக்கு வேறு பெயர்.

மாணவருக்கும் வேலை இருக்கிறது. தலைப்பைக் கைடு கொடுப்பார் என்று காத்திருக்காதீர்கள். நம் தெருவிலிருந்து கிளம்புகிற கேள்வியை வேறு யாரும் கேட்கமாட்டார்கள். படிக்காமல் போய் நின்றுவிட்டு எல்லாவற்றுக்கும் சாதியைக் காரணம் சொன்னால், நிஜமாகவே சாதியால் அடிபடுகிறவனின் குரலும் எடுபடாது. கடைசியாக, ஒரு குமாஸ்தா சொல்லக்கூடிய யோசனை: எல்லாவற்றுக்கும் தாளில் தடம் வையுங்கள். எந்தத் தேதியில் எந்த அத்தியாயம் கொடுத்தோம், என்ன சொன்னார், எப்போது திரும்பி வந்தது. வங்கியில் ஐந்நூறு ரூபாய் கட்டினாலும் முத்திரை வைத்து அடிக்கட்டை கிழித்துத் தருகிறோம். ஐந்து வருட உழைப்பைக் கட்டுகிற இடத்தில் அடிக்கட்டை கிடையாதா?

நம்மிலிருந்து படித்துப்போய் இன்று நெறியாளர்களாக இருக்கிற ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்காலிக்குச் சாதி உண்டு. அதில் உட்காருகிறவன் முதுகில் அது ஒட்டிக்கொள்ளும். உங்கள் மாணவி மூன்று மணிநேரம் வராந்தாவில் நிற்கிறாள் என்றால், நீங்கள் வாங்கிய அடியை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நெறியாளரைத் துறை ஒதுக்க வேண்டும். மாணவரைக் கதவு கதவாகத் தட்ட விடக்கூடாது. கொடுத்த அத்தியாயம் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நெறியாளரை மாற்றக் கேட்கிறவர் வேறொரு துறை ஆசிரியரிடம் போய்ப் பேச வழி வேண்டும். உதவித்தொகைக்கான உறுதி ஒருவர் பேனாவில் மட்டும் தொங்கக்கூடாது. 2012இல் மானியக் குழு கொண்டுவந்த சமத்துவ விதிகளில் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் என்று ஒரு பதவி சொல்லப்பட்டது. உங்கள் வளாகத்தில் அவர் யார், அவர் அறை எது என்று போய்க் கேளுங்கள். அவர்கள் முகம் போகிற போக்கிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் பெயரில்லாமலே போடுகிறோம்.