வானுக்குள் கட்டில் அடிக்க முன்னம் பிள்ளையின் உயரத்தை அளவுங்கள்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஓகஸ்ட் விடுமுறை வரப்போகிறது. கனகராயன்குளத்திலும் ஏ9 வீதியோரத்திலும் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "சேர், பழைய ஹையேஸ் ஒன்றை எடுத்துப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு போற மாதிரி மாத்தினால் என்ன?"

மாற்றலாம். நல்ல யோசனைதான். ஆனால் யூடியூப்பில் பார்க்கிற மாதிரி மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வீடியோக்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர். கணவன், மனைவி, கூடிப்போனால் ஒரு நாய். நம் வீட்டில் மூன்று, நான்கு பிள்ளைகள். கூடவே உம்மம்மாவோ அம்மம்மாவோ வருவார். அந்தப் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு அழகாக இருக்கும் அமைப்பு நமக்குக் காசையும் வீணாக்கும், பிள்ளையின் உயிருக்கும் ஆபத்தாகும்.

நான் சொல்ல வருவது இதுதான். வளரும் குடும்பத்துக்கு வானில் முதலில் இருக்க வேண்டியது எல்லோருக்கும் முன்னோக்கிய சீட்டும் பெல்ட்டும். அந்த சீட்டே இரவில் மடிந்து படுக்கையாக வேண்டும். மற்றதெல்லாம் கழற்றி இறக்கக்கூடிய பெட்டிகளாக இருக்க வேண்டும். ஆணி அடித்து நிரந்தரமாக்கும் எதுவும் வேண்டாம்.

ஏன் இப்படி ஒரு வான் வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நம் குடும்பங்கள் ஓரிடத்தில் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் பாதி உறவு புத்தளத்தில்தான். இங்கிருந்து வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் தாண்டிப் புத்தளம் போக நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். தமிழ்க் குடும்பங்களுக்கு ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களோடு ஒரு சுற்று. ஆறு பேர் ஹோட்டலில் தங்கினால் ஒரு இரவுக்கு இரண்டு அறை. கைப்பிள்ளையோடு போகிறவர்களுக்குப் பால் கொடுக்கவும் பம்பர்ஸ் மாற்றவும் மறைவான இடம் இல்லை. ஆக, தேவை உண்மையானது.

இனி கணக்குக்கு வருவோம். வாத்தியார் அல்லவா, கணக்கில்லாமல் முடியாது.

ஹையேஸ் போன்ற வானில் முன் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடம் ஏறத்தாழ பத்து அடி நீளம், ஐந்து அடி அகலம். மொடலுக்கு மொடல் மாறும், உங்கள் வண்டியை நீங்களே அளந்து பாருங்கள். மொத்தம் 50 சதுர அடி. பெரிய ஆள் ஒருவர் படுக்க 6 அடிக்கு 2 அடி, அதாவது 12 சதுர அடி வேண்டும். தாய், தகப்பன், ஒரு பாட்டி: 36. சின்னப் பிள்ளைக்கு 8 என்று வைத்தால் மூன்று பிள்ளைகளுக்கு 24. மொத்தம் 60. அடுப்பு, அலுமாரி, தண்ணீர் எதுவும் வைக்காமலே பத்து சதுர அடி துண்டு விழுகிறது. இது இன்றைய கணக்கு. ஐந்தாறு வருடத்தில் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 12 ஆகும்போது 72.

ஆகவே ஆறு பேரையும் ஒரே தட்டில் படுக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாரோ சிலர் வெளியில் படுக்க வேண்டும், அல்லது இரண்டு தட்டு போட வேண்டும்.

அடுத்தது உயரம். இப்போது அதிகம் விரும்பப்படுவது பின்பக்கம் குறுக்காக அடிக்கும் கட்டில். கீழே சாமான், மேலே படுக்கை. பார்க்க நல்ல வடிவு. ஆனால் உள் அகலம் ஐந்து அடிதான். பெரிய ஆள் அதில் கால் நீட்ட முடியாது. "அது பிள்ளைகளுக்குத்தானே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பத்து வயதில் நடுத்தர உயரம் 138 சென்ரிமீற்றர், அதாவது நாலரை அடி. பதின்மூன்று வயதில் 156 சென்ரிமீற்றர், ஐந்து அடி தாண்டிவிட்டது. நம் பிள்ளைகள் கொஞ்சம் கட்டையாக இருந்தாலும் ஒரு வருடம்தான் பிந்தும். ஆறாம் தரத்தில் முன்வாங்கில் இருந்த பொடியன் ஒன்பதாம் தரத்தில் கடைசி வாங்குக்குப் போவதை ஒவ்வொரு ஆசிரியரும் பார்க்கிறோம். இன்று அடிக்கிற குறுக்குக் கட்டில் மூன்றே வருடத்தில் உதவாமல் போகும். நீளவாக்கில் படுக்கும் அமைப்பு மட்டும்தான் பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

இரண்டாவது வகை, இரண்டு பக்கமும் எதிரெதிராக வாங்கு போட்டு நடுவில் மேசை வைப்பது. இரவில் மேசையை இறக்கினால் கட்டில். இருந்து சாப்பிட நன்றாக இருக்கும். ஓடும்போதோ அதைவிட மோசமான அமைப்பு இல்லை. பக்கவாட்டில் இருக்கும் ஒருவரை பெல்ட் சரியாகக் காப்பாற்றாது. பெரும்பாலும் அந்த வாங்குகளுக்கு பெல்ட்டே இருக்காது.

ஒரு சின்னப் பௌதிகம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் அது பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி. 70 கிலோமீற்றரில் அது ஏறத்தாழ இருபது மீற்றர் ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, விழும் உயரம் இரண்டு மடங்காகிவிட்டது. மடியில் இருக்கும் பிள்ளையை அந்த நேரத்தில் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

நம் பக்கத்தில் உள்ள பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவு ஓட்டம் என்றால் பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்து ஓட்டுவது. "பிள்ளைகள் நித்திரை, பிரச்சினை இல்லை" என்போம். ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத உழவு இயந்திரம் நிற்கும், லொறிக்காரர் தூக்கக் கலக்கத்தில் வருவார். சடாரென்று பிரேக் பிடித்தால் அந்தப் பிள்ளைகள் மெத்தையோடு முன்னால் வருவார்கள். வான் ஓடும்போது கட்டிலில் யாரும் இருக்கக்கூடாது. இந்தப் பதிவில் ஒரு வரியைத்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

சீட்டும் வண்டியோடு வந்த இடத்தில், வண்டியோடு வந்த போல்ட் துளையிலேயே பூட்டப்பட வேண்டும். பலகைத் தளத்தில் ஸ்குரூ போட்டு இறுக்கிய சீட் மோதும்போது ஆளோடு சேர்ந்து கழன்று வரும். வெல்டிங் கடையில் குழாய் வளைத்துச் செய்கிற சீட்டுக்கும் இதே கதிதான். பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை மோதிப் பார்த்துச் சோதித்தவர் அல்ல.

அப்படியானால் ஆறு பேர் எங்கே படுப்பது? இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கூடார வண்டில் கட்டி மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் வண்டிலுக்குள், ஆண்கள் வண்டிலுக்குக் கீழே. சமையல் மரத்தடியில். வண்டிலுக்குள் யாரும் அடுப்பு வைக்கவில்லை, அலுமாரி அடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் கூடாரத்தை இறக்கிவிட்டு அதே வண்டிலில் நெல் ஏற்றினார்கள்.

2008, 2009இல் உழவு இயந்திரப் பெட்டிக்கு மேல் தறப்பாள் கட்டி, அதற்குள்ளும் அதற்குக் கீழேயும் மாதக்கணக்கில் குடும்பம் நடத்திய மக்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த நாட்களை விடுமுறைப் பயணத்தோடு ஒப்பிடுவது முறையல்ல, ஒப்பிடவும் இல்லை. வாகனத்துக்குள் எது தேவை, எது சுமை என்று இந்த மண்ணில் உள்ளவர்களுக்கு யூடியூப் பார்த்துத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இது தொடங்கிய விதமும் அப்படித்தான். ஜேர்மனியில் வெஸ்ட்பாலியா நிறுவனம் 1951இல் வொக்ஸ்வேகன் வானுக்குச் செய்தது நிரந்தரமான வீடு அல்ல, கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பெட்டி. கிழமை நாட்களில் வான் தொழிலுக்கு ஓடும், லீவு நாளில் பெட்டியை ஏற்றிக்கொண்டு குடும்பம் போகும். நமக்கும் அதுதான் பொருத்தம். கிராமத்தில் ஒரு வான் என்பது அந்த வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் ஒரு ஹயர், நடுச்சாமத்தில் பிரசவ வலியோடு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். உள்ளே சிங்க்கும் கப்பேர்டும் அடித்துவிட்டால் அந்த வான் வருடத்தில் பத்து நாளைக்கு மட்டும் உதவும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழைய வானின் பெறுமதி நமக்குத் தெரியும். அதை வெட்டிக் கொத்தி விலையைக் குறைப்பது புத்தியல்ல.

ஆக நான் சொல்லும் அமைப்பு:

1. எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை முன்னோக்கிய சீட், அத்தனை பெல்ட். இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்து எண்ணுங்கள்.

2. சாய்த்துப் படுக்கையாக்கக்கூடிய சீட். அதற்கு மேல் மூன்று துண்டாக மடியும் மெத்தை. தாய், பாட்டி, சின்னப் பிள்ளைகள் உள்ளே. தகப்பனும் பெரிய பொடியன்மாரும் பக்கத்தில் நுளம்பு வலையுள்ள கூடாரத்தில்.

3. சமையல் சாமான் ஒரே பெட்டியில், பின்கதவுப் பக்கம். கதவைத் தூக்கினால் அதுவே நிழல். அடுப்பை வெளியில் இறக்கித்தான் பற்ற வைக்க வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தளத்தில், நாம் படுக்கும் இடத்தில் தேங்கும். 2.3 கிலோ அல்லது 5 கிலோ சிலிண்டர் போதும். இரவில் அது வெளியில்.

4. தண்ணீர் 20 லீற்றர் கேன் இரண்டு, தளத்தோடு கட்டி. உளூச் செய்யவும் கை கால் கழுவவும் அரிசி களையவும் போதும். வழியில் நிரப்பலாம். நூறு லீற்றர் டாங்கி என்றால் நூறு கிலோ, பெரிய ஆள் ஒருவரைக் கூடுதலாக ஏற்றியதற்கும் மேல்.

5. கழிப்பறை அடிக்க வேண்டாம். 50 சதுர அடியில் ஆறு சதுர அடியை அதற்குக் கொடுக்க முடியாது. மூடியுள்ள வாளியும் சுற்றி இழுக்கும் திரைச்சீலையும் போதும். பெண்களுக்கு இரவில் பெரிய உதவி.

6. காற்றுக்கு ஜன்னலில் வலையும் சின்ன 12 வோல்ட் மின்விசிறியும். தனியாக ஒரு நூறு ஆம்பியர் பெட்டரி வைத்தால் விடிய விடிய ஓடும். ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிப் படுக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதும் அமைப்பின் ஒரு பகுதிதான். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் யானை வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரிசி, பழ வாசத்துக்கு அது வீட்டுச் சுவரையே உடைக்கும். பள்ளிவாசல், கோயில், தேவாலய வளவு, ஆள் நடமாட்டமுள்ள பெற்றோல் செட். கேட்டுவிட்டு நிறுத்தினால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டத்தையும் பாருங்கள். சீட் எண்ணிக்கையையோ வாகன வகையையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பதிவுப் புத்தகத்தில் ஒன்று, வண்டிக்குள் வேறொன்று என்றால் விபத்து நேரத்தில் காப்புறுதிக்காரர் கையை விரிக்க இடமுண்டு. வேலை தொடங்க முன்னம் இரண்டு இடத்திலும் கேளுங்கள். பெட்டியைக் கழற்றி எடுக்கும் அமைப்புக்கு இந்தத் தலையிடி குறைவு.

"வருடத்தில் இரண்டு பயணத்துக்கு இவ்வளவு கணக்கா? நாங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே யாழ்ப்பாணம் போய் வருகிறோமே" என்று சிலர் சொல்வார்கள். பஸ் எப்படி ஓடும், எங்கே இருக்க இடம் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. சொந்த வானில் பிள்ளையை எங்கே இருத்துவது என்பது முழுக்க முழுக்க நம் கையில். அதைத் தீர்மானிக்கிற நாள் பயண நாள் அல்ல, கரேஜில் பாஸுக்கு "இப்படி அடியுங்கோ" என்று சொல்கிற நாள்.

அட்வான்ஸ் கொடுக்க முன்னம் ஒரு வேலை செய்யுங்கள், செலவு ஒன்றும் இல்லை. முற்றத்தில் சாம்பலால் பத்து அடிக்கு ஐந்து அடி ஒரு பெட்டி கீறுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் பின்னேரம் ஒருக்கால் அதற்குள் படுக்கச் சொல்லுங்கள். மூத்தவனின் தலைக்கு மேலே இன்னும் ஒரு அடி விட்டுப் பாருங்கள், அது இன்னும் நான்கைந்து வருடத்தில் அவனுக்குத் தேவைப்படும். பிறகு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இப்படி மாற்றி ஓடிப் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் இருந்தால் உங்கள் அளவுகளைச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.