மீட்டர் சொல்வதும் சீட்டு சொல்வதும்



மளிகைக் கடைக்காரர் ஒரு கிலோ சீனிக்கு ஒன்றேகால் கிலோவின் விலையைப் போட்டுவிட்டால் அங்கேயே நின்று கேட்டுவிடுகிறோம். துணிக் கடையில் கால் மீட்டர் குறைந்தால் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால், மின்கட்டணம் வழக்கத்தைவிட நான்கு மடங்கு வந்துவிட்டால் மட்டும், "ஃபேனை அணைக்காமல் போனது யார்?" என்பதுதான் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி. பிள்ளைகளுக்குத் திட்டு, மருமகளுக்கு ஒரு குத்தல் பேச்சு, பிறகு கைமாற்று வாங்கியாவது பணத்தைக் கட்டிவிடுவது. இடையில் ஒருவராவது வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தாரா என்றால், இல்லை.

மீட்டரைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கணக்கெடுத்த அன்று குறித்த எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்தால் கிடைப்பதே நாம் செலவழித்த யூனிட். கட்டணத் தொகை கைபேசிக்கு வந்தவுடன், அதில் கண்ட எண்ணையும் இப்பொழுது மீட்டர் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டர் முன்னோக்கித்தான் ஓடும். ஆகவே, பத்து நாட்களுக்கு முன் குறித்ததாகச் சொல்லப்படும் எண்ணைவிட இன்றைய எண் குறைவாக இருந்தால், எழுதியதில் பிழை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2023 ஆம் ஆண்டில் எங்கள் தெருவில் நடந்தது இது. கணவர் மறைந்து இத்தாவில் இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு 9,432 ரூபாய் கட்டணம் வந்தது. அதற்கு முன் அந்த வீடு ஒருமுறைகூட அறுநூறு ரூபாயைத் தாண்டியதில்லை. வந்தவர்கள் எல்லோரும் "முதலில் கட்டிவிடுங்கள், பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்றே சொல்லியிருக்கிறார்கள். அவருடைய சகோதரர் மகன், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, என்னிடம் வந்து, "ஹஜ்ரத், மாமி வளையலை அடகு வைத்து வரச் சொல்கிறார்கள்" என்றான். வட்டிக் கடையின் வாசலை வாழ்நாளில் மிதித்திராத குடும்பம் அது. மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்து வரும்படி அவனை அனுப்பினேன். முந்தைய எண் 4,610. அட்டையில் குறித்திருந்தது 5,872. மீட்டரோ அப்பொழுதும் 4,900 ஐத் தொடவில்லை. 4,872 என்பதில் நான்கு ஐந்தாகிவிட்டது, அவ்வளவுதான். 262 யூனிட் 1,262 யூனிட் ஆயிற்று. அன்றைய விகிதப்படி அவர் கட்ட வேண்டியது 504 ரூபாய்.

"முதலில் கட்டு" என்ற யோசனையை அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிழை பின்னர் தெரிந்தாலும், கூடுதலாகச் சென்ற 8,928 ரூபாய் இனி வரும் கட்டணங்களில் சிறுகச் சிறுகக் கழியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் அது கழிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அடகுக் கடை வட்டியோ மூன்று ஆண்டு காத்திருக்காது.

மனு எழுதினோம். ஒரே பக்கம். இணைப்பு எண், இரு தேதிகளின் மீட்டர் எண்கள், இன்றைய எண், முந்தைய ஆறு கட்டணங்களின் தொகை, மீட்டரின் புகைப்படம், "நேரில் வந்து பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்" என்ற ஒரு வாக்கியம். கோபமான சொல் ஒன்றும் அதில் இல்லை. நகலில் தேதியுடன் முத்திரை பெற்று வரும்படி பையனிடம் அழுத்திச் சொன்னேன். தொலைபேசியில் சொல்லிவிட்டோம் என்பது பின்னால் எதற்கும் நிற்காது; முத்திரையிட்ட நகல் நிற்கும்.

அலுவலகத்தில் ஒரு தடை வந்தது. இணைப்பு இறந்தவர் பெயரில் இருக்கிறது, பெயரை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார்களாம். இங்கேதான் பலரும் திரும்பிவிடுகிறார்கள். 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 2(15) ஆம் பிரிவு, மின் இணைப்புள்ள இடத்துக்குரிய எவரையும் நுகர்வோர் என்றே கொள்கிறது. பெயர் மாற்றம் செய்ய வேண்டியதுதான்; ஆனால், அதுவரை முறையிட உரிமை இல்லை என்பது சரியன்று. அந்த வரியை மனுவின் அடியில் எழுதிக் கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்துச் சென்றார். தொகை 504 ஆகத் திருத்தப்பட்டது. குறித்துச் சென்றவரை நான் குறை கூற மாட்டேன். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குபவர் அவர். அவரோடு வாசலில் சண்டை பிடிப்பதால் ஒரு பைசாவும் குறையாது.

பிழை எப்பொழுதும் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! விகிதம் பின்னர் 2024 ஜூலையில் உயர்ந்தது, படி மாறவில்லை. ஆகவே, கணக்கெடுக்க வருபவர் பத்து நாள் தாமதித்தால், நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் குடும்பம் 480 இலிருந்து 560 க்குப் போய்விடுகிறது. 2022 விகிதத்தில் அது 825 ரூபாய் வேறுபாடு. இப்படி நேர்ந்தால் இரு தேதிகளையும் காட்டி, நாள்வீதம் பிரித்துக் கணக்கிடும்படி எழுதிக் கேளுங்கள். 2020 ஊரடங்கில் கணக்கெடுப்பு நின்று, முந்தைய தொகையையே கட்டும்படி சொல்லி, பின்னர் நான்கு மாதக் கணக்கு சேர்ந்து வந்தபோது, கட்டிய பணத்தைக் கழிப்பதா யூனிட்டைக் கழிப்பதா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

எண்கள் சரி, மீட்டரே வேகமாக ஓடுகிறது என்ற ஐயம் இருந்தால், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அது தொடர்ந்து மினுக்கினால் ஏதோ கோளாறு இருக்கிறது. பழைய பெரிய வீடுகளைப் பாகம் பிரித்த இடங்களில், அடுத்த பாகத்தின் மோட்டார் நம் மீட்டரில் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். பாகப் பத்திரத்தில் சுவர் பிரிந்தது, கம்பி பிரியவில்லை! மெயினைப் போட்டு, 1,000 வாட் வாட்டர் ஹீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஏறத்தாழ ஒரு யூனிட் ஏற வேண்டும். ஒன்றரை, இரண்டு என்று ஏறினால் மீட்டரைச் சோதிக்கும்படி எழுதிக் கொடுங்கள். அதற்குரிய கட்டணம் உண்டு. மீட்டர் பழுது என்று முடிவானால், பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாத சராசரியைக் கொண்டு கணக்கிடுவதே இங்குள்ள மின் வழங்கல் விதித்தொகுப்பின் முறை.

அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களே என்ற அச்சம்தான் பெரும்பாலோரைப் பணம் கட்ட வைக்கிறது. சட்டத்தின் 56 ஆம் பிரிவை அறிந்துகொள்ளுங்கள். எழுத்து மூலம் முழுமையாக 15 நாள் அறிவிப்புத் தராமல் துண்டிக்கக் கூடாது. தகராறு நிலுவையில் உள்ளபோது, கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதக் கட்டணத்தின் சராசரியில் கணக்கிட்ட தொகை, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபணையுடன் செலுத்திவிட்டால் துண்டிக்க இயலாது. "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்பதைக் கடிதத்தில் எழுதிக் கொடுப்பது முக்கியம். சும்மா கட்டினால் ஒப்புக்கொண்டதாகச் சொல்லக்கூடும்.

பழைய பாக்கி என்று திடீரென ஒரு தொகை வந்தாலும் இதே பிரிவு உதவும். ராஜஸ்தானின் அஜ்மீரிலிருந்து வந்த வழக்கில் 2020 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், தவறான விகிதத்தில் கணக்கிட்டதால் விடுபட்ட தொகையை இரண்டு ஆண்டுக்குப் பின் கண்டுபிடித்தாலும் கேட்கலாம். ஆனால், அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்றது. நமக்குச் சாதகமும் பாதகமும் கலந்த தீர்ப்பு. நியாயமான தீர்ப்பும்கூட என்பேன். எழுதியவர் ஆயிரத்தைக் கூட்டாமல் குறைத்து எழுதியிருந்தால் நம்மில் எத்தனை பேர் மனுவோடு ஓடியிருப்போம்?

பிரிவு அலுவலகம் பதில் தராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதலாம். அங்கும் நியாயம் கிடைக்கவில்லையெனில், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நியமித்த மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மன்றத்தின் ஆணை கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலவரையறை உண்டு. வழக்கறிஞர் வேண்டியதில்லை. பழைய ரசீதுகள், முத்திரையிட்ட நகல், மீட்டரின் படம் ஆகியவை கையில் இருந்தால் போதும்.

மறைந்தவர் பெயரிலுள்ள இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்றுவது எப்படி என்று சகோதரிகள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.