புக்கிட் ரம்பாயிலிருந்து 35 தடவை

குரல்வளையில் முற்றிய புற்றுநோய் என்று தெரிந்ததும் நம் குடும்பங்களில் முதலில் எழும் வேண்டுகோள், "கத்தி மட்டும் வேண்டாம், டாக்டர்" என்பதுதான். பேச்சு போய்விடும், கழுத்தில் ஓட்டை போடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் விட்டுவிடக் கூடாது.

1991இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இந்த விவாதத்தையே புரட்டிப் போட்டது. 332 முன்னாள் படைவீரர்களில் ஒரு பாதியினருக்குக் குரல்வளையை அகற்றிவிட்டுக் கதிர்வீச்சு; மறுபாதியினருக்கு முதலில் மருந்து, பிறகு கதிர்வீச்சு. இரண்டு ஆண்டு கழித்து இரு பிரிவிலும் 68 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளையும் தப்பியது. மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்தே கொடுத்தால் இது 88 வரை உயரும் என்று 2003இல் இன்னோர் ஆய்வு காட்டியது.

பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த முதல் ஆய்விலேயே, கட்டி மிகவும் பரவியிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடைசியில் கத்தி வைக்கத்தான் நேர்ந்தது. கதிர்பட்ட சதையில் செய்யும் அறுவைப் புண் எளிதில் ஆறாது. தையல் விட்டு எச்சில் கசியும். குருத்தெலும்பை அரித்துக் கட்டி வெளியே வந்துவிட்டால், முதலிலேயே அறுவை செய்துகொள்வதுதான் நல்லது. தப்பிய குரல்வளை பேசவும் உதவாமல், குடித்த தண்ணீரும் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால், எதைக் காப்பாற்றினோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு என்றால் வழக்கமாக 35 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம். ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு அச்செடுத்த வலைமூடியை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டுவார்கள். மூன்றாம் வாரத்திலேயே தொண்டை புண்ணாகிவிடும். கஞ்சி விழுங்கினாலும் கண்ணில் நீர் வரும். அந்த நேரத்தில்தான் ஆள் வராமல் போகிறார். இடையில் விட்ட நாள்களால் சிகிச்சை நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது.

மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் இருப்பவரைப் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு அனுப்பினால், போகவே நூறு கிலோமீட்டருக்கு மேல். அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் நம்மை நொடிக்காது. பெட்ரோலும் டோலும், துணைக்கு வரும் மகன் இழக்கும் நாள் சம்பளமுமே நொடிக்கும். அறுவைக்குப் பிறகும் பெரும்பாலும் கதிர்வீச்சு உண்டு, உண்மைதான். ஆனால் அங்கே கட்டியின் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியே போயிருக்கும். கதிர்வீச்சை மட்டும் நம்பியவருக்கு எல்லாமே அந்த 35 தடவையில்தான் இருக்கிறது. ஆகவே வீட்டின் தூரத்தையும் ஸ்கேன் அறிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

குரல்வளை போனால் ஊமைதான் என்பதும் பழைய கதை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் ஒரு சிறு வால்வு பொருத்தினால் பேச முடியும். ஆயிரக்கணக்கில் விலை போகும் அந்த வால்வைச் சுமார் 50 இந்திய ரூபாய்க்குக் கிடைக்கச் செய்தார் பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ். நம் நோயாளிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்கிறார்களா?

கையெழுத்துப் போடுமுன் மூன்று பேரையும் பார்க்கக் கேளுங்கள்: தொண்டை அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர். மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் தங்குமிடத்துக்கும் பயணச் செலவுக்கும் சிகிச்சையின் முதல் தேதிக்கு முன்பே மனுக் கொடுங்கள். கோயில் நிர்வாகங்களும் ஏழு வாரத்துக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்து தரலாம்.